யார் கை என்று கேட்காத காகிதம்

சலவை ஆலையில் ஒரு படுக்கை விரிப்பு கருகிப்போனால் மேற்பார்வையாளர் கேட்கிற முதல் கேள்வி, "யார் கை?" இஸ்திரி ரோலர் அளவுக்கு மேல் சூடேறியிருந்ததா, துணி பாதி ஈரத்தோடு வந்ததா, ஏழு மணி நேரமாக நிற்கிற கால் ஒரு நொடி மடங்கியதா என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். கைதான் வேண்டும். அதற்கு அங்கே ஓர் ஏற்பாடும் உண்டு. விரிப்புகளை இரண்டிரண்டு பேராகத்தான் ரோலருக்குள் கொடுப்பார்கள், இரண்டிரண்டு பேராகத்தான் மடிப்பார்கள். பத்து விரிப்பு ஒரு கட்டு. கட்டுக்கு ஒரு நூல், ஜோடிக்கு ஒரு நிறம். மருத்துவமனையோ விடுதியோ ஒரு கட்டைத் திருப்பி அனுப்பினால் நூலைப் பார்த்தே ஜோடியைக் கூப்பிட்டுவிடுவார்கள். அப்புறம் ஜோடிக்குள் யார் கை என்று சண்டை. பல வருஷம் சேர்ந்து மடித்தவர்கள் ஒரு கருகலில் பேச்சை முறித்துக்கொண்டதுண்டு.

நான் மாடியில் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் மஞ்சள் நூல் ஜோடி இருந்தது. ஸ்கேல் அக்கா, அவள் தம்பியின் மனைவி ரேடியோ. அளக்காமல் மடித்தாலும் அளந்தது மாதிரி இருக்கும் என்பதால் முதல் பெயர். வாய் மூடாது என்பதால் இரண்டாவது. ஆலையில் வைத்த பெயர்கள் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டன. தம்பி, தண்ணீர் கேன் வண்டி ஓட்டுபவர். கேன்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். அக்காவுக்கு ஒரு புருஷன் இருந்தார், போய்விட்டார்; எங்கே என்று யாரும் கேட்பதில்லை. தம்பியை வளர்த்தது, அவருக்குப் பெண் பார்த்தது, அந்தப் பெண்ணுக்கு ஆலையில் வேலை வாங்கித் தந்து தன் எதிரே நிறுத்திக்கொண்டது எல்லாம் அக்காதான். பதினொரு வருஷத்தில் மஞ்சள் நூல் கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஒரு நாள் ரேடியோ மறந்துவிட்ட சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்க ஆலைக்குள் போனேன். உள்ளே நீராவியில் என் கண்ணாடி வெளுத்துவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால் அவர்கள் இரண்டு பேரும் ஒரு விரிப்பின் இரண்டு முனையில் நிற்கிறார்கள். ஒரு உதறல். துணி காற்றை வாங்கி உப்பி எழுந்தது. அது இறங்குவதற்குள் இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, கை மாற்றி, மூலையை மூலையில் வைத்து, விலகி, மறுபடி நடந்து, விரிப்பு ஒரு புத்தகம் அளவுக்குச் சுருங்கிக் கட்டில் உட்கார்ந்தது. ரேடியோ இதற்கிடையில் பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசி முடித்திருந்தாள். நான் பட்டம் வாங்கின மேடையில்கூட இப்படி வாய் பிளந்து நின்றதில்லை.

அக்காவின் அந்த வலது கைதான் நொறுங்கியது.

மழைக்காலம். கேன்காரர் யாரோ ஓட்டி முடித்த பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். அக்காவும் மனைவியும் காலை ஷிஃப்ட்டுக்கு நனையாமல் போகட்டும் என்று. அதன் வைப்பர் கண்ணாடியைத் துடைக்காது, தடவும். "மாத்து, மாத்து" என்று ரேடியோ ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று காலை கண்ணாடி உள்பக்கம் பனித்துப்போக, அவர் ஒரு கையால் துணியை எடுத்துத் துடைத்தார். ஒரு கை ஸ்டியரிங்கில். வண்டி சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் முட்டியது. முன் இருக்கையில் இருந்த அக்கா கையை நீட்டித் தாங்கப் பார்த்தாள். மணிக்கட்டு உடைந்தது. கண்ணாடிச் சில்லு உள்ளங்கையில் இறங்கி விரல்களை இழுக்கிற நரம்பு இரண்டை அறுத்தது. பின்னால் இருந்த ரேடியோவுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு மட்டும்.

கட்டுப்போட்ட கையோடு அக்கா திரும்பி வந்ததைப் பார்த்து நான் மாடியிலிருந்து ஓடி வந்தேன். என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "யார் மேலக்கா தப்பு?" வலிக்கிறதா என்று கேட்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

"ஒருத்தர் மேலயும் இல்ல. நான் படியில விழுந்தேன்," என்றாள் அக்கா.

"படியிலயா? கார்லன்னு..."

"படின்னுதான் ஆஸ்பத்திரில எழுதியிருக்கு. நீயும் படின்னே வெச்சுக்க."

வண்டி ஓட்டித்தான் தம்பி பிழைக்கிறார். விபத்து என்று எழுதினால் யார் ஓட்டினது என்று கேட்பார்கள், லைசென்ஸ் போகும், கம்பெனி வெளியே தள்ளும். இன்சூரன்ஸ்காரர்கள் செலவை எல்லாம் அவர் தலையில் கட்டுவார்கள். இப்படி அவசரப் பிரிவு வாசலில், ரத்தம் சொட்டுகிற கையை மடியில் வைத்துக்கொண்டு, அக்கா இரண்டு நிமிஷத்தில் முடிவு செய்திருக்கிறாள். ஆலையில் பதினொரு வருஷம் கற்றுக்கொண்ட பாடம் அது. யார் கை என்று கேட்பதற்கு முன்னால் நூலை அவிழ்த்துவிடு.

அதற்கப்புறம் அந்த வீடு அமைதியாகிப்போனது. ரேடியோ நின்றுவிட்டது. ஆலையில் வேறு ஜோடி கொடுத்தார்கள். அவள் ஒரு வாரத்தில் இரண்டு விரிப்பைக் கருக்கினாள். வீட்டுக்கு வந்து சோறு வடித்து, முட்டை அவித்து, அக்காவின் தட்டில் பிசைந்து ஸ்பூன் போட்டு வைப்பாள். புருஷனுக்குத் தட்டு வைப்பாள், பார்க்கமாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரிடம் சொல்வாள்.

"தண்ணி கொதிக்குது. யாருக்கோ டீ வேணும்னா போட்டுக்கலாம்."

கேன்காரரும் சுவரிடமே பதில் சொல்வார். "யாருக்கும் வேணாம்."

"பாவம் அந்தச் சுவரு. நடுவுல மாட்டிக்கிச்சு," என்பாள் அக்கா. யாரும் சிரிக்கமாட்டார்கள்.

கேன்காரர் இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்யத் தொடங்கியிருந்தார். விடிந்தால் கிளம்பி, இருட்டினால் வருவார். அறுவை சிகிச்சைக்காக. அறுந்த நரம்பை இணைக்க இன்னொரு அறுவை வேண்டும், அதுவும் வார்டில் குறித்த தேதிக்குள். தள்ளிப்போனால் நரம்பு சுருங்கிக்கொள்ளும், கட்டைவிரலும் சுட்டுவிரலும் அப்படியே நின்றுவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முன்பணம் கட்டினால்தான் தேதி நிலைக்கும். படியில் விழுந்தவளுக்கு யார் கட்டுவார்கள்? அக்கா அந்த இரண்டு விரலையும் கட்டுக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, அசை, அசை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவை அசையவில்லை. ஈரத் துணி வாசனையும் மழையும்தான் அந்த நாட்கள் எனக்கு.

இருபத்துநாலாம் நாள் ரேடியோ மாடி ஏறி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"வண்டிய எடுத்துட்டுப் போங்கன்னு மெக்கானிக் கத்துறாரு. உடைச்சு வித்துடலாம்னு இருக்கோம். டேஷ்போர்டுல இருந்த பேப்பராம் இது. வித்தா எதுவும் வம்பு வருமான்னு பாரு. நீதான படிச்சவ."

என் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அதனால் மின் கட்டண ரசீதிலிருந்து நோட்டீஸ் வரைக்கும் எல்லாக் காகிதமும் என்னிடம்தான் வரும். காகிதத்தில் நல்லது இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் மாதிரி ஆட்களுக்குப் புரியக் கூடாது என்றே பொடி எழுத்தில் எழுதுகிறார்கள் என்பது என் கட்சி. அந்தக் கோபத்தோடுதான் உறையைப் பிரித்தேன். கட்டாயம் என்பதற்காக எடுத்த காப்பீடு. பன்னிரண்டு பக்கம். எட்டாம் பக்கத்தில் ஒரு பத்தி.

'காப்பீடு செய்த வாகனத்தில் இருந்த எவருக்கும், விபத்து யாருடைய தவறால் நேர்ந்தது என்பதைக் கருதாமல்...'

மறுபடி படித்தேன். எங்கோ ஒரு 'ஆனால்' இருக்கும் என்று தேடினேன். இருந்தது. வலிக்கும் வேதனைக்கும் இதில் பணம் கிடையாது. அதற்கு வழக்குத்தான் போட வேண்டும், அதுவும் காயம் கடுமையாக இருந்தால். கொடுப்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் மருத்துவச் செலவு, இழந்த சம்பளத்தில் பெரும்பகுதி இரண்டும், தவறு யாருடையது என்று பார்க்காமல். அதற்கும் கீழே ஒரு வரி. காயம்பட்டவர் வழக்கமாக வீட்டில் செய்து வந்த சமையல், துவைத்தல், பெருக்குதல் போன்ற வேலைகளை வேறொருவரைக் கொண்டு செய்வித்தால் அந்தக் கூலியும்.

யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, கை உடைந்தால் அந்த வீட்டில் துணி யார் துவைப்பார்கள் என்று யோசித்திருக்கிறார். யோசித்து, அதைச் சட்டமாக எழுதி, அடித்துத் திருத்தி, அச்சடித்திருக்கிறார். எங்கள் அம்மாவின் கை சுளுக்கியபோது எங்கள் வீட்டிலேயே யாரும் அதை யோசிக்கவில்லை. இது டேஷ்போர்டில், பழைய துடைக்கிற துணிக்கு அடியில் கிடந்திருக்கிறது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? விக்கக் கூடாதாமா?"

"அண்ணி, கீழ வாங்க."

கேன்காரர் அப்போதுதான் வந்து, நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து இடது கையால் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பத்தியைச் சத்தமாகப் படித்தேன். பேச்சு வழக்கில் மாற்றி இன்னொரு தரம் சொன்னேன்.

"யாரு தப்புன்னு கேக்கவே மாட்டாங்களா?" என்றாள் அக்கா.

"மாட்டாங்க."

"அதெப்படி? கேக்காம எப்படிக் கொடுப்பான்? கேட்டாக் கொடுக்கவே மாட்டேங்கிறான் ஊர்ல."

"அந்த மாதிரிதான் இந்தச் சட்டமே போட்டிருக்காங்கக்கா. தப்ப நிரூபிச்சு, சண்டை போட்டு, அப்புறம் வைத்தியம் பாக்கறதுன்னா ஆளு தாங்காதுன்னு."

"எவனோ நல்லவன் எழுதியிருக்கான்," என்றாள் அக்கா, கொஞ்சம் பயந்த குரலில்.

கேன்காரர் டீயைக் கீழே வைத்தார். "நல்லாப் படிச்சியாம்மா? எதிர்ல வண்டியே இல்ல. நான்தான் கொண்டுபோய் இடிச்சேன். அதுக்குமா?"

"அதுக்கும்தாண்ணே."

"இல்ல. எங்கயாவது இருக்கும் பாரு. ஓட்டுனவன் தப்பா இருந்தா அவன்கிட்ட வசூலிப்பாங்கன்னு இருக்கும்."

"குடிச்சிருந்தாலோ வேணும்னே இடிச்சிருந்தாலோதான். நாலு தரம் பாத்துட்டேன்."

அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கையில் இருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி நின்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். "வேணாம். ஆஸ்பத்திரில படின்னு சொல்லியாச்சு. இப்பப் போய் கார்னு சொன்னா காசுக்காக மாத்தறோம்னு உள்ள தூக்கிப் போடுவாங்க. இவன் லைசென்ஸும் போகும், என் மானமும் போகும்."

"விரல் போறது பரவாயில்லையாக்கா?"

"ரெண்டு விரல்தான்டி. மீதி மூணு இருக்கு."

அப்போது ரேடியோ பேசினாள். சுவரிடம் அல்ல. "அண்ணி, அந்த ரெண்டு விரல்லதான் நீங்க மூலையப் பிடிப்பீங்க. எதிர்ல நின்னு பதினொரு வருஷமாப் பாக்கறேன். மூணு விரலோட எனக்கு எதிர்ல வந்து நின்னு என்ன பண்ணப் போறீங்க? கொடியில காயப் போட்ட துணி மாதிரி தொங்கவா?"

அக்கா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"எத்தன நாள் பாக்கி?" என்றாள்.

"ஆறு."

கடைசி நாட்களில் இரண்டு விடுமுறை. இருபத்தேழாம் நாள் காலை நாலு பேரும் பஸ் ஏறினோம். கேன்காரர் லீவு சொல்லியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் லீவு அது என்று ரேடியோ ஜன்னலிடம் சொன்னாள். முதலில் மெக்கானிக்கிடம் போய், வண்டியை இழுத்து வந்த தேதி போட்ட சீட்டையும் படங்களையும் வாங்கிக்கொண்டோம். பிறகு அலுவலகம். நீளமான அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், டோக்கன் எண் ஓடுகிற ஒரு பெட்டி. உட்கார்ந்திருந்தவர்களில் கால் கட்டு, கழுத்துப் பட்டை, தலைக் கட்டு எல்லாம் இருந்தன. யாரும் யாரையும் எப்படி ஆச்சு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் எண் வந்தது. மேசைக்குப் பின்னால் சளி பிடித்த ஓர் அம்மா. பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"எந்தத் தேதி?"

சொன்னோம்.

"எந்த இடம்?"

சொன்னோம்.

"எங்க அடி?"

அக்கா கையைத் தூக்கி மேசை மேல் வைத்தாள். அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு எழுதினார். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தார். பேனா நின்றது.

"இதுல படின்னு இருக்கே."

அக்காதான் சொன்னாள். "பொய்தாம்மா. நான்தான் சொன்னேன். தம்பிக்கு வேல போயிருமேன்னு."

"உங்களுக்கும் படியா? இந்த வாரத்துல நீங்க மூணாவது ஆளு," என்றார் அந்த அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "போன மாசம் ஒருத்தர் மாடு முட்டிச்சுன்னு எழுதிட்டு வந்தாரு, நெத்தியில கார் கண்ணாடியோட. இங்க பாருங்க, நீங்க பொய் சொன்னது ஆஸ்பத்திரில. எங்ககிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல. இதுல உண்மைய எழுதுங்க. ஏன் படின்னு சொன்னீங்கங்கறதையும் எழுதுங்க. டாக்டர்கிட்ட நாங்க விளக்கம் கேப்போம், காயத்தப் பாத்தா அவருக்கே தெரியும். இங்க பொய் எழுதுனாத்தான் சிக்கல்."

"லைசென்ஸு..." என்றார் கேன்காரர்.

"அது எங்க வேல இல்ல. நாங்க கேக்கவும் மாட்டோம்."

அவர் முன்னால் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நான் சொல்லிடறேன். தப்பு என் மேலதான். வைப்பர மாத்தல. ஒரு கையால ஓட்டினேன். மழைல வேகத்தக் குறைக்கல. அக்கா மேலயோ இவ மேலயோ ஒண்ணும் இல்ல. அத அப்படியே எழுதிக்கங்க."

இருபத்தேழு நாளாக அவர் மனசில் எழுதி எழுதிப் பார்த்த வாக்குமூலம் அது. ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

அந்த அம்மா காகிதத்தை மேலிருந்து கீழே பேனாவால் தடவிக் காட்டினார். "எங்கங்க எழுதறது? தேதி இருக்கு, இடம் இருக்கு, காயம் இருக்கு, சம்பளம் இருக்கு. தப்புக்கு இதுல இடம் இல்லையே."

நானும் எட்டிப் பார்த்தேன். இல்லைதான். இரண்டு பக்கம், முப்பத்தொரு கட்டம். ஒரு கட்டத்திலும் அந்தக் கேள்வி இல்லை. அது இல்லாமல் ஒரு காகிதம் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. யாரையாவது குற்றவாளியாக நிறுத்தாமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. அங்கே, டோக்கன் பெட்டி கீச்சிடுகிற அந்த அறையில், நான் திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் நின்றேன்.

அந்த அம்மா அக்காவின் படிவத்தை முத்திரையிட்டார். அவசரம் என்று ஒரு சிவப்புச் சீட்டை மேலே குத்தினார். "அறுவை சிகிச்சைக்கு நாங்க பொறுப்புன்னு ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே கடிதம் போகும். தேதியத் தள்ளாதீங்க. வீட்டு வேலைக்கு ஆள் வெச்சா கூலிச் சீட்டு வாங்கி வையுங்க. கையெழுத்து..."

"இடது கைலதான் வரும்," என்றாள் அக்கா.

"எந்தக் கையா இருந்தா என்ன."

அக்கா போட்டாள். கோணலாக வந்தது. அவள் வாழ்க்கையில் முதல் கோணல் அதுவாகத்தான் இருக்கும்.

நாங்கள் எழுந்தோம். அந்த அம்மா இழுப்பறையிலிருந்து இன்னும் இரண்டு படிவத்தை எடுத்து வைத்தார்.

"எங்க போறீங்க? வண்டியில மூணு பேரு இருந்ததா எழுதியிருக்கீங்களே."

ரேடியோ நெற்றியைத் தடவிக்கொண்டாள். "எனக்குப் புடைப்புதாம்மா. வத்திடுச்சு."

"சரி. இவருக்கு?"

"எனக்கெதுக்கு?" என்றார் கேன்காரர். "நான்தான ஓட்டுனேன்."

"ஓட்டுனவரும் வண்டிக்குள்ளதான இருந்தீங்க?"

அந்த அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்காவிடம் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"எங்க அடி?"

அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இடித்தவனுக்கு என்ன அடி என்று நினைத்திருப்போம், நினைக்கக்கூட இல்லை.

"ஒண்ணும் இல்ல," என்றார்.

"எழுதுங்கம்மா," என்றாள் ரேடியோ. "இடது பக்கம், விலா. ஸ்டியரிங் குத்தினது. படுக்கறதில்ல, சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்கறாரு. கேன வலது தோள்ல மட்டும்தான் தூக்கறாரு. தும்மல் வந்தா வாயப் பொத்திக்கிட்டு வெளிய ஓடறாரு."

கேன்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"பேசலன்னா பாக்கமாட்டேன்னு அர்த்தமா?"

அக்கா தம்பியின் சட்டையை இடது கையால் பிடித்தாள். "இந்த உடம்ப வெச்சுக்கிட்டா மாடி மாடியா கேன் ஏத்தின? வாய்ல என்னடா வெச்சிருந்த?"

"உன் கையவிடப் பெருசாக்கா?"

"ரெண்டையும் தராசுல வெச்சுப் பாத்தியா நீ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். கழுத்துப் பட்டை போட்ட ஒருவர் எழுந்தார், எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"அவங்க சொன்னத நான் எழுத முடியாதுங்க," என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா, அவசரப்படாமல். "வலிக்கறவங்கதான் சொல்லணும். உக்காருங்க."

ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டாள். கேன்காரர் அதன் கையைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு கிழவனைப் போல உட்கார்ந்தார். சட்டைக்கு மேலாகவே உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.

"இங்கம்மா," என்றார். "மூச்சு விடும்போது."

அந்த அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.